எதிரிக்குக் குரல் கொடுத்த மைக் காஜா

தாம்பரத்திலிருந்து கிழக்கே போகிற எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று "காஜாவைத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். "மைக் காஜா" என்று கேளுங்கள். "அட, தண்ணி வராதுன்னு சொல்லிக்கினு போவாரே, அந்த பாய்தானே?" என்பார்கள். ஆள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைச்சல். ஆட்டோ கூரைமேல் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கரைத்தான் ஜனங்கள் காஜாவின் முகம் என்று நினைத்திருந்தார்கள்.

நாளைக்குத் தண்ணீர் வராது, மைதானத்தில் சர்க்கஸ் வந்திருக்கிறது, சேலையூரில் கண் முகாம், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு எருமையைக் காணவில்லை, எல்லாம் காஜா வாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியவேண்டும். அந்த எருமை கிடைத்த பிறகு, கிடைத்துவிட்டது என்று சொல்ல இன்னொரு சுற்று போன மனிதர் அவர். யாரும் போகச் சொல்லவில்லை. கேட்டால், "தேடிக்கினு கீறவன் தேடிக்கினே கெடக்கட்டுமா?" என்பார்.

காஜா பிறந்தது பல்லாவரம். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. படிப்பு ஐந்தாவதோடு முடிந்தது, காஜாவும் வருத்தப்படவில்லை, வாத்தியாரும் வருத்தப்படவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடை ஒன்றில் கூவி விற்க நின்றார். சந்தைக்கு மேலே விமானம் தாழப் பறந்து இறங்கும்போது எல்லா வியாபாரியும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்வான். காஜா மூடமாட்டார். விமானம்தான் கொஞ்சம் ஒதுங்கிப் போவதுபோல இருக்கும். அதை ஒரு மைக் செட் கடைக்காரர் பார்த்தார். வெறும் தொண்டையிலேயே இப்படியென்றால் மைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஆசை வந்தது. அவ்வளவுதான், காஜாவுக்குப் பிழைப்பு கிடைத்தது.

ஒரு பழக்கம் மட்டும் உண்டு. எதைப் பேசுவதற்கு முன்னாலும் மைக்கை விரலால் தட்டுவார், "க்ஹும்" என்று தொண்டையைச் செருமுவார், "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்" என்பார். பிறகுதான் பேச்சு. மைக் இல்லாவிட்டாலும் இது வரும். நிக்காஹ் அன்றைக்கு "சம்மதமா?" என்று கேட்டபோது மாப்பிள்ளை செருமிவிட்டு "ஹலோ" என்று ஆரம்பிக்க, ஜமாத்தே சிரித்தது. பெண்ணுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பரிதா அன்றைக்கு ஆரம்பித்த முறைப்பை இன்னும் முடிக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தண்ணி வராது, புடிச்சி வெச்சிக்கங்கன்னு சொல்றீங்க. நம்ம வூட்டுக்கு மட்டும் ஒரு நாளு சொல்லியிருக்கீங்களா?" என்பாள். வாஸ்தவம். மைக் காஜா வீட்டில்தான் குடம் எப்போதும் காலி.

வருஷம் முழுக்கச் செய்கிற அறிவிப்பெல்லாம் வயிற்றுக்கு. ஒன்று மட்டும் மனசுக்கு. ஆடி மாசம் செம்பாக்கம் ஏரிக்கரை அம்மன் கோவிலில் கூழ் வார்க்கிறதும் தீமிதியும் நடக்கும். அதற்கு ஊர் ஊராக அழைப்புச் சொல்வது காஜாதான். அன்றைக்கு ஆட்டோவுக்கு வேப்பிலை கட்டி, ஸ்பீக்கர் இரண்டுக்கும் மஞ்சள் பூசி, பூசாரி மைக்குக்கும் ஒரு பொட்டு வைப்பார். "பக்தகோடிப் பெருமக்களே" என்று காஜா இழுத்தால், அந்த 'பெரு' மேடவாக்கத்தில் கேட்டு, 'மக்களே' தாம்பரம் ஸ்டேஷனில் கேட்கும் என்பார்கள். பாய் வந்து அம்மனுக்கு அழைக்கிறாரே என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. காஜா குரல் கேட்கவில்லையென்றால்தான் ஆடி வந்ததே சந்தேகம். கிழக்குத் தாம்பரத்தில் தனக்கென்று ஒரு பேர் இருக்கிறது என்றால் அது இந்த ஆடியால்தான் என்று காஜா நம்பினார். அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது, அதுவும் கம்ப்யூட்டர் வழியாக.

செம்பாக்கம் காலனியில் கேஷவ் என்று ஒரு பையன். கம்ப்யூட்டர் படித்தவன், கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் தூக்கக் கண். பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் நாலு பேரோடு சேர்ந்து கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, டிசம்பர் மாசம். ஒரு காலை காஜா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பாய், உங்க வாய்ஸ் வேணும். இது கவர்ன்மென்ட் ப்ராஜெக்ட்."

"இன்னா, தண்ணி வராதா?"

"அதில்ல பாய். வீடியோ கேம். பசங்களுக்கு தேசப்பற்று வரணும்னு தில்லில ஒரு டிபார்ட்மென்ட் ஸ்பான்சர் பண்றாங்க. ஸ்கூல் ஸ்கூலா சிடி ஃப்ரீயா தருவாங்க. ஜனவரி இருபத்தாறு ரிலீஸ். நம்ம ராணுவம் ஒரு பக்கம், எதிரி ஒரு பக்கம்."

"எதிரி யாரு?"

"பக்கத்து நாடு. பேர் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. ஆனா எல்லாருக்கும் புரியும்."

காஜா யோசித்தார். "பக்கத்து நாடுன்னா... சிலோனா?"

கேஷவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அது இல்ல பாய். வடக்க."

"ஆந்திராவா?"

உள்ளேயிருந்து பரிதா, "அந்தப் புள்ளயப் போட்டுப் பேஜார் பண்ணாதீங்க. எந்த நாடுன்னு அதுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது, உங்களுக்கு மட்டும்தான் தெரியல" என்றாள்.

விஷயம் இதுதான். நம் பக்கத்து மேஜருக்குத் தில்லியில் யாரோ பெரிய குரல்காரர் பேசிவிட்டார். எதிரிக்கு ஆள் கிடைக்கவில்லை. விளையாட்டின் மூன்றாம் கட்டம் பனிமலை. ஒரே மூட்டம், எதிரே நிற்கிற ஆள் தெரியாது. குரலை வைத்துத்தான் சுடவேண்டும். அதனால் எதிரியின் குரல் கேட்டவுடனே அடையாளம் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். கேஷவ் இதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் காஜாவின் ஆட்டோ போயிருக்கிறது.

"இந்தியா பூரா கேட்கும் பாய்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் காஜா விழுந்தார். தாம்பரம் வட்டாரத்தைத் தாண்டாத குரல். வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு அந்தப்பக்கம் போனதில்லை. இந்தியா பூரா என்றால் சும்மாவா?

"சரி. இன்னா பேசணும்?"

"டயலாக் தில்லிலேர்ந்து வந்திருக்கு. நீங்க உருதுல அடிச்சு விடுங்க."

"எனக்கு ஏதுப்பா உருது?"

"பாய்... நீங்க பாய்தானே?"

"பாய்தான். அதுக்கு? எங்க வூட்ல எங்க தாத்தன் காலத்துலேர்ந்து தமிழ்தான். கறிக்கடையில நாலு வார்த்தை தெரியும். அதுல எதிரி சண்ட போட முடியாது, கால் கிலோ ஈரல்தான் வாங்கலாம்."

கேஷவுக்கு முகம் விழுந்துவிட்டது. உருது இல்லையென்றால் இந்திதான், அதுவும் கம்பெனியில் யாருக்கும் வராது. கடைசியில் அவனே, "அம்மாகிட்டதான் போகணும்" என்றான்.

கேஷவின் அம்மா சாவித்ரி மாமி காலனியில் இந்தி டியூஷன் எடுப்பவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்திப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் எல்லோரும் மாமியிடம் குட்டு வாங்கியவர்கள். மாமி தில்லியிலிருந்து வந்த காகிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"ஏண்டா, இதெல்லாம் ஒரு பாஷையா? கவர்ன்மென்ட்ல இருக்கிறவா எழுதினதா இது? எல்லாம் கெட்ட வார்த்தை!"

"எதிரிம்மா. அவன் அப்படித்தான் பேசுவான்."

"எதிரின்னா? அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளோல்லியோ?" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல மாமி திருத்தி முடித்தபோது, பழைய வசனத்தில் ஒரு முற்றுப்புள்ளிதான் பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் மரியாதைப் பன்மையில், இலக்கணம் பிசகாமல் மாற்றி, காஜாவுக்காகத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

காஜா மாமி வீட்டுக் கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் படித்தார்.

"க்ருபயா ஆத்மசமர்ப்பண் கீஜியே. எங்க சொல்லுங்கோ பாய்."

"க்ஹும். ஹலோ... ஹலோ..."

"ஹலோ எல்லாம் வேண்டாம்."

"க்ருபயா ஆத்ம... மாமி, இதுக்கு இன்னா அர்த்தம்?"

"தயவுசெய்து சரணடையுங்கள்னு அர்த்தம்."

"துப்பாக்கிய வெச்சிக்கினு தயவுசெஞ்சுன்றானா? நல்ல ஆளா கீறானே!"

"பின்னே? 'ஆப்'னா 'நீங்கள்'. அதைப் போட்டுத்தான் பேசணும். யாரா இருந்தா என்ன, தெரியாதவாளை நீ, வான்னு சொல்லப்படாது."

கேஷவ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நாள் இல்லை. 'எப்படியும் யாருக்கும் புரியப் போறதில்ல, சத்தம்தானே' என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

பல்லாவரம் மேல்மாடியில் ரெக்கார்டிங். சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். அப்படியும் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் நிறுத்தவேண்டும். காஜாவுக்கு நிறுத்தத் தெரியாது. அதனால் அந்த விளையாட்டில் எதிரி வாயைத் திறந்தபோதெல்லாம் பின்னால் ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்ட தில்லிக்காரர்கள் பின்னணி ஓசை பிரமாதம் என்று பாராட்டினார்களாம்.

வசனம் முடிந்தது. "இப்ப சாகணும் பாய்" என்றான் கேஷவ்.

"யாரு?"

"எதிரி. மொத்தம் நாப்பது பேர். எல்லாருக்கும் நீங்கதான்."

"பேரு இன்னா அவங்களுக்கு?"

"பேரெல்லாம் கிடையாது. எதிரி ஒண்ணு, எதிரி ரெண்டு, அப்படியே நாப்பது வரைக்கும்."

"ராஜகீழ்ப்பாக்கத்து எருமைக்கே லட்சுமின்னு பேரு இருந்துச்சுப்பா" என்றார் காஜா.

கேஷவ் காகிதத்தைப் புரட்டினான். சுடப்பட்டவுடன் "யா அல்லா" என்று கத்தலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். காஜா மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டார். "அது தொழுவறதுக்குக் கீற பேரு தம்பி. உன் பொட்டிக்குள்ள சாவறதுக்கு இல்ல." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு எப்படிக் கத்துவது? இந்தியில் எப்படிச் சாகிறது என்று மாமி சொல்லித் தரவில்லை. கேஷவ் 'டுமீல்' என்றான். காஜா தனக்கு வந்ததைக் கத்தினார். "அய்யோ எம்மாடியோவ்!" நாற்பது பேரும் அப்படியே செத்தார்கள். இந்தியில் மரியாதையாகப் பேசிவிட்டு, பல்லாவரத்துத் தமிழில் உயிரை விட்டார்கள்.

பிப்ரவரியில் சிடி பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. மார்ச்சில் பரீட்சை. ஏப்ரலில் லீவு விட்டார்கள். அங்கேதான் பிடித்தது சனியன்.

மூன்றாம் கட்டத்தில், பனிமலை உச்சியில் எதிரித் தளபதி வருகிற இடத்தில், கேஷவ் ஒன்றை வெட்டாமல் விட்டுவிட்டான். மூட்டத்துக்குள்ளேயிருந்து முதலில் டொக் டொக் என்று ஒரு தட்டல். பிறகு "க்ஹும். ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்." அதற்குப் பிறகுதான் "தயவுசெய்து சரணடையுங்கள்" என்கிற இந்தி. இந்தியாவில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதை என்ன நினைத்தார்களோ தெரியாது. செம்பாக்கம் பிள்ளைகள் நாற்காலியிலிருந்து குதித்தார்கள். "டேய், மைக் காஜாடா!"

மறுநாள் தண்ணீர் வராது என்று சொல்லக் காஜா காலனிக்குள் வந்தார். ஆட்டோ ஓட்டுவது தனம். காஜாவோடு ரொம்ப நாளாக ஓட்டுகிறவள், வாய் அவளுக்கும் ஸ்பீக்கர்தான். தெரு வெறிச்சென்று இருந்தது. காஜா மைக்கைத் தட்டினார். "க்ஹும். ஹலோ... ஹலோ..."

சுவருக்குப் பின்னாலிருந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, நின்றிருந்த ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து, எங்கே பார்த்தாலும் விரல் துப்பாக்கி. "டுமீல்! டுமீல்! டட்டட்டட்டா!"

"ண்ணா, குனிஞ்சிக்கோ!" என்று கத்தினாள் தனம். "உன்னத் தொலச்சிக் கட்டிட்டானுங்க!"

"இன்னாடி இது, தண்ணி வராதுன்னதுக்கா?"

"நீ செத்துட்ட பாய், செத்துட்ட! கத்து! எம்மாடியோவ்னு கத்து!" என்றது மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல். தெரு முழுக்க எம்மாடியோவ், எம்மாடியோவ். அந்த அமளியில் தண்ணீர் விஷயம் ஒருத்தர் காதிலும் விழவில்லை. மறுநாள் காலனியில் ஒரு வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திட்டெல்லாம் காஜாவுக்கு.

மே மாசம் முழுக்க இதே கூத்து. கண் முகாமுக்குக் கூப்பிட்டால் டுமீல். சர்க்கஸுக்குக் கூப்பிட்டால் டட்டட்டா. காஜா குரலை மாற்றிப் பார்த்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். "எதிரிக்கு ஜலதோஷம்டா!" என்று சந்தோஷமாகச் சுட்டார்கள். டீக்கடையில் பெரியவர்கள்கூட, "இன்னா தளபதி, டீயா, காப்பியா?" என்று கேட்டார்கள். கேலிதான். ஒரு நாள் மட்டும், முன்பின் தெரியாத ஒருவன் டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து, "ஆளு கரெக்டாத்தான் புடிச்சிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதில் சிரிப்பு இல்லை. காஜா டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் அதைச் சொன்னார். பரிதா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு, "டீக்கு ஆசப்பட்டு அந்தக் கடைக்கு இனிமே போவாதீங்க. நான் போட்டுத் தர்றேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பரிதா கேட்காமல் டீ போட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே விஷயம் பெரிது என்று காஜாவுக்கு உறைத்தது.

ஆனி பிறந்ததும் தோத்தாத்ரி கூப்பிட்டு அனுப்பினார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், காலனி சங்கச் செயலாளர். தான் பெருமாள் கோவில் ஆசாமி என்று சொல்லிக்கொண்டே அம்மன் கோவில் விழாக் கமிட்டியையும் அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

"பாய், தப்பா நினைச்சுக்காதீங்கோ. இந்த வருஷம் ஆடிக்கு வேற ஏற்பாடு பார்க்கலாம்னு கமிட்டி அபிப்பிராயம். குரோம்பேட்டைல ஜெயக்கொடின்னு ஒரு பொண்ணு, கேசட்ல நன்னாப் பேசிக் குடுக்கறாளாம்."

காஜா செருமினார். ஹலோ வரவில்லை. "நான் இன்னா தப்பு பண்ணேன் சார்?"

"தப்பே இல்ல. ஆனா அம்மன் பேரை நீங்க சொல்ற நேரத்துல பசங்க டுமீல் டுமீல்னா நன்னாவா இருக்கும்? ஊருக்கே எதிரி வந்து அழைப்பு வெச்ச மாதிரின்னா ஆயிடறது?"

ஆட்டோவில் திரும்பும்போது காஜா வாயே திறக்கவில்லை. தனத்துக்கே பயமாகிவிட்டது. "ண்ணா, எதுனா பேசுண்ணா. நீ கம்முனு வந்தா வண்டில பிரேக் இல்லாத மாரி கீது" என்றாள்.

"வண்டியப் பல்லாவரத்துக்கு வுடு" என்றார் காஜா.

கேஷவ் கம்பெனியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "என் குரல எட்த்துடு."

"முடியாது பாய். சிடி எல்லாம் போயாச்சு."

"அப்ப நம்ம பக்கமும் என்னயே பேச வை. எதிரியா மட்டும் கேட்டாதான அவனுங்க சுடறானுங்க? மேஜராவும் கேக்கட்டும்."

கேஷவ் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது. விஷயம் என்னவென்றால், இரண்டாவது சிடி தயாராகிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் மேஜர் தமிழில் பேசவேண்டும், எதிரி பழையபடி இந்தியிலேயே பேசட்டும் என்று தில்லியில் முடிவு. தமிழ் மேஜருக்கு இன்னும் ஆள் அகப்படவில்லை. நாள் வழக்கம்போல இல்லை.

வெளியே காத்திருந்த தனத்திடம் காஜா இதைச் சொன்னபோது அவள் தலையைச் சொறிந்தாள். "நம்ம ஆளு தமிழு பேசறான். எதிரி இந்தி பேசறான். அப்ப தில்லிக்காரன் எந்தப் பக்கம்ண்ணா?"

"அது அவங்க பாத்துப்பாங்க" என்றார் காஜா.

மேஜருக்குக் காஜா பேசியதைக் கேஷவே எழுந்து நின்று கேட்டான். "என் வீரர்களே! இந்த மண்ணில் ஒரு பிடியையும் விட்டுக் கொடுக்கமாட்டேன்!" தண்ணீருக்கும் எருமைக்கும் அலைந்த தொண்டை, தேசத்துக்கென்று வந்தபோது எதையும் மிச்சம் வைக்கவில்லை. கீழே மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒரு நிமிஷம் கையை நிறுத்தினாராம். மேஜரின் ஆட்களில் சிலர் சாகவேண்டும். அதற்கும் காஜாவுக்கு ஒரே வழிதான் தெரியும். "அய்யோ எம்மாடியோவ்!"

சோதனைக் காட்சிக்குத் தில்லியிலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வந்தார். முறுக்கிய மீசை, இஸ்திரி கலையாத சட்டை. காலனிச் சங்கக் கட்டடத்தில் கம்ப்யூட்டரை வைத்துப் பெரிய திரை கட்டினார்கள். தோத்தாத்ரி முன்வரிசை. சாவித்ரி மாமி ஃபிளாஸ்க்கில் காப்பியோடு. பின்னால் காலனிப் பிள்ளைகள் எல்லோரும். கதவோரம் காஜாவும் தனமும்.

முதல் இரண்டு கட்டம் நன்றாகவே போயிற்று. மூன்றாவது, பனிமலை. வெள்ளை மூட்டம். ஒரு பையன் மௌஸைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். இடது பக்கம் "க்ஹும். ஹலோ." உடனே திரும்பினான். வலது பக்கம் "க்ஹும். என் வீரர்களே!" அந்தப் பக்கம் திரும்பினான். மறுபடி இடது பக்கம் "க்ருபயா..."

"சுடுடா!" என்றார்கள் பின்னாலிருந்து.

"யாரை? ரெண்டு பக்கமும் அவருதான் நிக்கிறாரு!"

"இந்தி பேசறவரைச் சுடுடா!"

"இப்ப கத்தறது யாரு, இவரா, அவரா? எம்மாடியோவ்னு ரெண்டு பேருமே கத்தறாங்களே!"

கர்னல் பொறுமை இழந்தார். எழுந்து வந்து மௌஸை வாங்கிக்கொண்டார். நிஜச் சண்டையைப் பார்த்த மனிதர், பொம்மைச் சண்டையா பெரிது? மூட்டத்துக்குள் காது கொடுத்தார். ஒரு பக்கத்தில் யாரோ சுத்தமான இந்தியில், இலக்கணம் பிசகாமல், மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கத்தில் புரியாத பாஷையில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். கர்னல் யோசிக்கவேயில்லை. கத்தியவனைச் சுட்டார். அவனோடு வந்தவர்களையும் வரிசையாகச் சுட்டார். அய்யோ எம்மாடியோவ், அய்யோ எம்மாடியோவ் என்று ஒரு படையே விழுந்தது. கடைசியில் மூட்டம் விலகியது. தரையெல்லாம் நம் சட்டை போட்டவர்கள். நடுவில் நம் மேஜர். திரையில் ஒரு வரி வந்தது: 'உங்கள் படை முழுவதும் அழிந்தது.'

தனத்தின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "தில்லிக்காரன் எந்தப் பக்கம்னு இப்ப தெரிஞ்சிபோச்சுண்ணா."

கர்னல் மௌஸை மெதுவாக மேஜைமேல் வைத்தார். கேஷவிடம் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். கேஷவ் கதவுப் பக்கம் கை காட்டினான். இரண்டு பேரும் இவர்தானா என்று கர்னல் காஜாவை மேலும் கீழும் பார்த்தார். காஜாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரே வசனத்தை எடுத்துவிட்டார். "க்ஹும். க்ருபயா ஆத்மசமர்ப்பண் கீஜியே."

கர்னல் மீசை துடித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மாமி கொடுத்த காப்பியைக் குடித்தார், இவ்வளவு மரியாதையான இந்தியைத் தில்லியில் கேட்டுப் பல வருஷமாயிற்று என்று மாமியிடம் சொன்னார். மாமிக்கு அதுவே பட்டமளிப்பு விழா. கர்னல் ஊருக்குப் போனார். இரண்டாவது சிடி வரவேயில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று கேஷவ் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பெரிய சிக்கல் வந்துவிட்டது. காஜா யார்? சுடுவதா, சல்யூட் அடிப்பதா? ஏரிக்கரையில் கூடிப் பேசினார்கள். சண்டை வந்தது, ஒருத்தன் சட்டைப் பொத்தான் பிய்ந்தது. கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். தாம்பரம் பக்கமிருந்து வந்தால் காஜா நம்மாள், மேடவாக்கம் பக்கமிருந்து வந்தால் எதிரி. ஆட்டோவின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் கணக்கு.

ஏன் அப்படி என்று கேட்ட ஒரே ஆள் பரிதாதான். மேடவாக்கத்தில் அவளுக்கு அக்கா வீடு இருக்கிறது.

தனம் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் தோத்தாத்ரியிடம் போய் நின்றாள். "சார், ஒரே ஒரு ரவுண்டு வுட்டுப் பாரு. ஒரு டுமீல் கேட்டுச்சுன்னா கேசட்டே போட்டுக்கோ."

தோத்தாத்ரி யோசித்தார். மேஜர் வசனத்தில் அவர் கண் கலங்கியது உண்மை. ஆனால் கமிட்டி கமிட்டிதான். "ஒரு டுமீல், ஒரே ஒரு டுமீல் கேட்டாலும் ஜெயக்கொடிதான்" என்றார். கூடவே நடந்து வந்து காதால் கேட்பேன் என்றும் சொன்னார்.

ஆடி முதல் வெள்ளி. வேப்பிலை கட்டியாயிற்று, மஞ்சள் பூசியாயிற்று. தனம் ஒவ்வொரு தெருவையும் சுற்றிக்கொண்டு தாம்பரம் முனையிலிருந்தே நுழைந்தாள். காஜா மைக்கைத் தட்டினார். "க்ஹும். ஹலோ... ஹலோ... பக்தகோடிப் பெருமக்களே!" சுவர்மேல், மொட்டைமாடியில், ஸ்கூட்டர்மேல் நின்று பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள். தோத்தாத்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். ஒரு டுமீல் இல்லை. எல்லாம் அம்மன் அருளால் நன்றாகப் போயிற்று, கடைசித் தெரு வரைக்கும்.

கடைசித் தெரு முட்டுச்சந்து. ஏரிக்கரையில் போய் முடிகிறது. உள்ளே போகும்போது நம்மாள். திருப்பிக்கொண்டு வெளியே வந்தால் மூக்கு தாம்பரம் பக்கம் பார்க்கும், எதிரி. பிள்ளைகளுக்கு அது தெரியும். இரண்டு பக்கச் சுவருக்குப் பின்னாலும் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தோத்தாத்ரி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு சந்தின் வாயிலில் நின்றார்.

தனம் திரும்பிப் பார்த்தாள். "ண்ணா, நீ பேசறத நிறுத்தாத" என்றாள். வண்டியைத் திருப்பவில்லை. ரிவர்ஸ் போட்டாள்.

மூக்கு மேடவாக்கத்தைப் பார்த்தபடியே ஆட்டோ பின்னால் நகர்ந்தது. "தாய்மார்களே, பெரியோர்களே" என்று காஜா முன்னால் பார்த்துக்கொண்டு முழங்க, வண்டி முதுகுப்பக்கமாக வந்தது. பிள்ளைகள் விரலை நீட்டியபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். சட்டம் சட்டம்தான். ஒவ்வொரு விரலாக மடங்கி, கைகள் நெற்றிக்குப் போயின. சந்து குறுகல், சாக்கடை ஓரம், தனத்துக்குப் பின்னால் சரியாகத் தெரியவில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து போவதைத் தோத்தாத்ரி பார்த்தார். எல்லாவற்றையும் மறந்து ஓடிவந்தார். ஆட்டோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கையையும் ஆட்டினார்.

"வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... பாய், நீங்க நிறுத்தாதீங்கோ, சொல்லிண்டே இருங்கோ... வரலாம், வரலாம்!"